நீந்தி, மிதித்து, ஓடிச் சம்பாதிப்பது: நெடுந்தூர டிரையத்லான் என்ற தொழில்

மலேசியாவில் கெடா மாநிலத்தின் பீடோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தோம், நான், என் அக்கா, அக்கா மகன். அவன் மூன்றாவது ரொட்டி சானாயை முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான், "மாமா, இதையே வேலையா செய்யலாமா?" அவனுக்கு 23 வயது. லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் பந்தயத்தை 10 மணி 48 நிமிடத்தில் முடித்தவன். அக்கா உடனே, "தம்பி, நீயே சொல்லு. நீந்துறதுக்கும் சைக்கிள் ஓட்டுறதுக்கும் யாருடா சம்பளம் கொடுப்பா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. லங்காவியில் பல வருடம் தண்ணீர் மேசையில் தொண்டூழியனாக நின்றிருக்கிறேன், இந்த விளையாட்டை விடாமல் பின்தொடர்கிறவன், அதனால் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அக்காவை மனதில் வைத்தே எழுதுகிறேன். பந்தயம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, கணக்கு கேட்பதில் மட்டும் யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

முதலில் தூரம். டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இதே வரிசையில், இடையில் கடிகாரத்தை நிறுத்தாமல் செய்வது. ஈர உடம்போடு ஹெல்மெட் மாட்டுகிற நேரமும், சைக்கிளைத் தொங்கவிட்டுக் காலணி மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியில் சேர்க்கப்பட்ட டிரையத்லான் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். முன்னணி வீரர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். நெடுந்தூரம் என்பது வேறு உலகம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 42.2 கிலோமீட்டர், அதாவது முழு மாரத்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கடலில் நீந்திக் கரையேறி, பீடோங்கிலிருந்து ஏறக்குறைய ஈப்போ வரைக்கும் சைக்கிள் மிதித்து, இறங்கிய காலோடு பீடோங்கிலிருந்து பட்டர்வொர்த் போகிற தூரம் ஓட வேண்டும். இதில் சரிபாதி உள்ள பந்தயமும் உண்டு, 1.9, 90, 21.1. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குவார்கள்.

சாதாரண ஆளுக்கு முழுத் தூரத்தை முடிக்க 17 மணி நேரம் வரை அவகாசம் தருவார்கள். காலை ஏழரைக்கு இறங்கியவர் நள்ளிரவு தாண்டியும் நடந்துகொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்னணித் தொழில்முறை ஆண்கள் அதே தூரத்தை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். 2024இல் ஹவாய்த் தீவின் கோனாவில் நடந்த உலகப் போட்டியில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் வந்தார், அதில் கடைசி மாரத்தானை மட்டும் 2 மணி 37 நிமிடத்தில் ஓடினார். வெறும் மாரத்தானாக, தூங்கி எழுந்து புதுத் தெம்போடு ஓடினாலே அந்த நேரத்தை எட்டுகிறவர் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதெல்லாம் தொடங்கிய கதை சுவாரசியமானது. ஹவாயில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த ஜான் காலின்ஸ் என்பவருக்கும் நண்பர்களுக்கும் நீச்சல்காரன் பலசாலியா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா என்று வாக்குவாதம் வந்தது. ஓஹாஹூ தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பயணம், ஹோனலுலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்து பார்ப்போம் என்றார் அவர். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தின்போது அவர் கூட்டாளிகள் வைத்திருந்த தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்துவிட்டார்கள். இந்தச் சம்பவத்தை மறந்துவிடாதீர்கள், சாப்பாட்டுக் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

அயர்ன்மேன் என்பது அந்தப் பந்தயத்தின் பெயர், இன்றைக்கு ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். நாம் எந்தப் பற்பசையையும் கோல்கேட் என்கிற மாதிரி, முழுத்தூர டிரையத்லான் எல்லாவற்றையும் ஜனங்கள் அயர்ன்மேன் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஜெர்மனியின் ரோட் நகரத்தில் நடப்பதும் அதே தூரம்தான், ஆனால் அது வேறு அமைப்பின் பந்தயம். 2024இல் டென்மார்க்கின் மாக்னஸ் டிட்லெவ் அங்கே 7 மணி 23 நிமிடம் 24 விநாடியில் முடித்தார். தொழில்முறை வீரர்களே பங்குவைத்து உருவாக்கிய அமைப்பு நடத்தும் டி100 தொடர் இன்னொன்று, அதில் 2 கிலோமீட்டர் நீச்சல், 80 சைக்கிள், 18 ஓட்டம், கூட்டினால் நூறு. அது 2024 ஏப்ரலில் சிங்கப்பூருக்கே வந்தது, நம் வாசலுக்கு வந்த மாதிரி.

சரி, தொழில்முறை வீரர் என்று யாரைச் சொல்கிறோம்? லங்காவியில் ஓடுகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஏறக்குறைய எல்லாருமே வயதுப் பிரிவில் ஓடுகிறவர்கள்: வங்கிக்காரர், டாக்டர், தொழிற்சாலை டெக்னீஷியன். தன் வயதுக்காரர்களோடு போட்டி போடுவார்கள், ஜெயித்தால் கோப்பை, பணம் கிடையாது. தொழில்முறைப் பிரிவில் நிற்க உரிமம் வேண்டும். அதை அந்தந்த நாட்டு டிரையத்லான் சங்கம், பெரிய பந்தயங்களில் அவர் வந்த இடத்தையும் எடுத்த நேரத்தையும் பார்த்துக் கொடுக்கும். அவர்கள் தனியாக, மற்றவர்களுக்குச் சில நிமிடம் முன்னதாகவே தண்ணீரில் இறங்குவார்கள். எல்லா அயர்ன்மேன் பந்தயத்திலும் தொழில்முறைப் பிரிவு இருக்காது, அதனால் பணம் உள்ள பந்தயத்தைத் தேடி விமானம் ஏறுவதும் இந்தத் தொழிலின் ஒரு பாகம்.

எல்லாரும் சின்ன வயதிலேயே இதற்கென்று வளர்க்கப்பட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் கிறிஸ்ஸி வெலிங்டன் அரசாங்க வேலையில் இருந்தவர், நேப்பாளத்தில் சமூகத் திட்டங்களில் வேலை செய்தவர். 2007 தொடக்கத்தில் தொழில்முறை வீராங்கனையாக மாறி, அதே ஆண்டு அக்டோபரில் கோனாவில் உலகப் பட்டம் வென்றார், அப்போது வயது 30. லூசி சார்ல்ஸ்-பார்க்லே 2015இல் கோனாவில் வயதுப் பிரிவில் ஜெயித்துவிட்டுத்தான் தொழில்முறைக்கு வந்தார். 2017, 2018, 2019, 2022 என்று நான்கு முறை கோனாவில் இரண்டாவதாக வந்து, 2023இல் முதலிடம் பிடித்தார். நான்கு முறை இரண்டாவது! அந்தப் பொறுமைக்காகவே அவரைப் பற்றி என் மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இப்போது அக்காவின் கேள்வி. யார் சம்பளம் கொடுப்பார்கள்? மாதச் சம்பளம் என்று யாரும் கொடுப்பதில்லை. எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே எழுந்து போய் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்பார். வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டால் வெட்டு கிடையாது, அன்றைய வருமானமும் கிடையாது. பால் மங்கு நிறைந்து, வாளி நிறைந்து, நிறுத்துப் பார்த்த பிறகுதான் காசு. இந்தத் தொழிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆறு மாதம் பயிற்சி செய்து, பந்தயத்தன்று வயிறு கெட்டுப்போனால் அந்த ஆறு மாதமும் மழை பெய்த நாள்தான்.

வருமானம் மூன்று நாலு வழியில் வரும். முதலாவது பரிசுப் பணம். கோனா உலகப் போட்டியில் மொத்தம் 7,50,000 அமெரிக்க டாலர் பரிசு. ஆண், பெண் இரு பிரிவிலும் முதலிடத்துக்கு 1,25,000 டாலர், நம் காசில் ஐந்து லட்சம் வெள்ளி போல. பணம் முதல் 15 இடத்தோடு நின்றுவிடும். பதினாறாவதாக வந்தவர், உலகத்திலேயே பதினாறாவது ஆள், வெறுங்கையோடு விமான நிலையத்துக்குப் போவார். டி100 பந்தயத்தில் முதலிடத்துக்கு 25,000 டாலர். மற்றப் பந்தயங்களில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும், அதையும் பலர் பங்கு போட வேண்டும்.

2024இல் அயர்ன்மேன் நிறுவனம் தொழில்முறைத் தொடர் ஒன்றைத் தொடங்கியது, அதன் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழுத்தூரப் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு 5,000 புள்ளி. அவருக்குப் பின்னால் வருகிறவர் எத்தனை விநாடி தாமதமோ அத்தனை புள்ளி குறையும், விநாடிக்கு ஒன்று. பாதித் தூரத்துக்கு 2,500, உலகப் போட்டிக்கு 6,000. சிறந்த ஐந்து பந்தயங்களைக் கூட்டி ஆண்டு முடிவில் 17 லட்சம் டாலரைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், முதலிடத்துக்கு 2,00,000. முன்பெல்லாம் எட்டாவது இடம் உறுதி என்று தெரிந்தால் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓடிக் காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இப்போது முடியாது, மெதுவாக ஓடும் ஒவ்வொரு விநாடியும் ஒரு புள்ளி.

இரண்டாவது, விளம்பரதாரர். சைக்கிள், காலணி, நீச்சல் உடை, பானம் தயாரிக்கிற நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும். பெயர் பெற்றவருக்குப் பணமும் பொருளும், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தனி ஊக்கத்தொகை. புதியவருக்குப் பெரும்பாலும் பொருள் மட்டும், அல்லது கழிவு விலை. அதைப் பெரிய வெற்றி என்று நினைத்துப் படம் போடுகிற பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் இலவசக் காலணியால் வீட்டு வாடகை கட்ட முடியாது. மூன்றாவது, பயிற்சி சொல்லிக்கொடுப்பது. தொழில்முறை வீரர்கள் பலர் வயதுப் பிரிவுக்காரர்களுக்கு மாதக் கட்டணத்தில் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். சிலர் வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறார்கள். உச்சத்தில் இருக்கிற சிலபேர் வசதியாக வாழ்கிறார்கள், நடுவில் இருக்கிறவர்கள் இழுத்துப்பிடித்து வாழ்கிறார்கள், அடியில் இருக்கிறவர்கள் வேறு வேலையும் செய்கிறார்கள். இதுதான் உள்ளபடியான நிலைமை.

செலவு? இந்தப் பந்தயத்துக்கான உயர்தரச் சைக்கிள் ஒன்றின் விலை ஒரு புது மைவி காரின் விலைக்குப் பக்கத்தில் வரும். டயர், சங்கிலி, விமானத்தில் சைக்கிள் பெட்டிக்கான கட்டணம், தங்கும் அறை, பந்தயத்துக்குப் பிறகு பிசியோ. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கு கிடையாது. சொந்தத் தொழில் செய்கிறவர் மாதிரி தானே ஐ-சாரான் என்ற சேமநிதித் திட்டத்தில் போட்டு வைத்தால்தான் உண்டு. காப்பீடும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இதை முதல் நாளே செய்யச் சொல்வேன், ஏனென்றால் இந்த வேலை நடக்கிற இடம் சாலை. பீடோங்கிலிருந்து செமெலிங் பக்கம் காலையில் சைக்கிள் மிதித்தால் செம்பனைப் பழ லாரி உரசிக்கொண்டு போகும், பின்னாலேயே பழம் ஒன்று தார்ச்சாலையில் உருண்டு வரும்.

அடுத்தது அன்றாட வேலை. வாரத்துக்கு 25 முதல் 30 மணி நேரம் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டால் குறைவாகத் தெரியும், அலுவலகத்தில் 40 மணி நேரம் உட்காருகிறோமே என்று. ஆனால் இது எல்லாமே உடம்பு உழைக்கும் நேரம், அதற்கு இடைப்பட்ட நேரம் முழுக்கச் சாப்பாடு, தூக்கம், நீட்டி நிமிர்த்துவது. காலை ஐந்து ஐந்தரைக்கு நீச்சல், பத்து மணிக்குச் சைக்கிள், மாலையில் மெதுஓட்டம் என்று ஒரு நாள் போகும். வாரக் கடைசியில் ஐந்து மணி நேரம் சைக்கிள் மிதித்து இறங்கியதும் அரை மணி நேரம் ஓடுவார்கள், சைக்கிளில் மடங்கியே இருந்த கால் ஓட்டத்துக்குப் பழக வேண்டுமே.

புதியவர்கள் பலருக்கும் நம்ப முடியாத ஒரு விஷயம், இந்தப் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாகச் செய்வது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே போகிற வேகம். கடினமான பயிற்சி வாரத்தில் இரண்டோ மூன்றோதான், அதையும் அளந்து செய்வார்கள். என் மருமகன் தொடக்கத்தில் தினமும் மூச்சு முட்ட ஓடுவான். நான் அவனிடம் அம்மாவின் உளியைக் காட்டினேன், இன்னும் எங்கள் வீட்டுச் சமையலறைப் பலகையில் இருக்கிறது, கைப்பிடி தேய்ந்து அம்மாவின் விரல் படிந்த பள்ளத்தோடு. பால் மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூட வரலாம், ஆனால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும், திரும்ப அங்கே உளி வைக்க முடியாது. அதேபோல ஒரு மரத்தை இன்றைக்கு வெட்டினால் நாளைக்கு விட்டு மறுநாள்தான் வெட்டுவார்கள். இடையில் கிடைக்கிற அந்த ஒரு நாளில்தான் மரம் பாலை மறுபடி ஊறவைக்கிறது. உடம்பும் பயிற்சி செய்கிற நேரத்தில் பலப்படுவதில்லை, பயிற்சி செய்துவிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில்தான் பலப்படுகிறது. உளியைக் கையில் வாங்கிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை முழு ஓய்வு.

சாப்பாட்டுக்கு வருவோம், என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் மையமே அதுதான். நெடுந்தூர டிரையத்லானில் நாலாவது பந்தயம் என்று சாப்பாட்டைச் சொல்வார்கள். உடம்பில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிற இடம் சின்னது, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஏறக்குறைய 400, 500 கிராம்தான், சுமார் 2,000 கிலோகலோரி. பந்தயத்துக்குத் தேவைப்படுவது அதைப்போல மூன்று நாலு மடங்கு. கொழுப்பு உதவும், ஆனால் அது மெதுவாக எரிகிற விறகு, வேகமாக ஓட அது மட்டும் போதாது. அதனால் சைக்கிள் மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். இன்றைய முன்னணி வீரர்கள் மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து, பலர் 120 கிராம் வரைகூட உள்ளே தள்ளுகிறார்கள். 90 கிராம் என்றால் ஒரு தட்டு நிறைய சோறு. மணிக்கு ஒரு தட்டுச் சோற்றை, இதயம் நிமிடத்துக்கு 140, 150 முறை அடிக்கும்போது, குனிந்த வயிற்றில் சாப்பிடுவதாக நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குடல் சுவரில் குளுக்கோஸ் நுழைய ஒரு கதவு, பழச்சர்க்கரையான பிரக்டோஸ் நுழைய வேறு கதவு. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம் அளவில் அந்தக் கதவு நெரிசலாகிவிடும், மிச்சம் வயிற்றில் தேங்கி வாந்தியாகவோ பேதியாகவோ முடியும். இரண்டையும் கலந்து கொடுத்தால் இரண்டு கதவும் வேலை செய்யும். அக்கா வீட்டுச் சமையலறையில் மாவு நிறுக்கிற தராசு இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் மருமகன் அதன்மேல் பாட்டிலை வைத்து மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற குளுக்கோஸ் வகைப் பொடியைக் கரண்டி கரண்டியாகப் போடுவான், அப்புறம் பிரக்டோஸ், அப்புறம் உப்பு இரண்டு சிட்டிகை, தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிக் கலங்கல் தெளிகிற வரை குலுக்குவான். மூடியில் கருப்பு மையால் 90 என்று எழுதியிருக்கும். முதலில் 60 குடித்தாலே வயிறு உப்பியவன், நாலு மாதத்தில் 90க்குப் பழகிவிட்டான். குடலுக்கும் பயிற்சி கொடுக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். 1978இல் பீர் குடித்து ஓடிய விளையாட்டு, இன்றைக்குத் தராசுக்கு வந்திருக்கிறது.

பந்தயத்தில் நடக்கிற தந்திரங்களையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒலிம்பிக் டிரையத்லானில் சைக்கிளில் ஒருவர் முதுகை ஒட்டி இன்னொருவர் போகலாம், நெடுந்தூரத்தில் அது குற்றம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுத்தால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும், அதனால் குறிப்பிட்ட தூரம் விட்டே போகவேண்டும். அயர்ன்மேனில் நெடுங்காலம் அது 12 மீட்டராக இருந்தது, டி100இல் 20 மீட்டர். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் சில நிமிடம் நிற்க வேண்டும். முன்னணி ஆண்கள் 300 வாட் அளவில், நாலு மணி நேரம் விடாமல் மிதிக்கிறார்கள். நம் வீட்டு மேசை மின்விசிறி ஐந்தைக் காலால் சுழற்றுவது மாதிரி. மிதிகட்டையில் உள்ள கருவி ஒவ்வொரு விநாடியும் எண்ணைக் காட்டும். நல்ல வீரர் போட்டியாளர் முந்திப்போனாலும் எண்ணைப் பார்ப்பார், போகட்டும் என்று விடுவார், ஏனென்றால் மாரத்தானில் கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் இந்தப் பந்தயம் முடிவாகும்.

அப்புறம் வெயில். 2025 அக்டோபரில் கோனா பெண்கள் போட்டியை நான் விடிய விடியப் பார்த்தேன். முன்னணியில் இருந்த லூசி சார்ல்ஸ்-பார்க்லே ஓட்டத்தில் வெயில் தாங்காமல் விலகினார். அவருக்குப் பிறகு முதலிடத்துக்கு வந்த அமெரிக்காவின் டெய்லர் நிப், முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர்தான் பாக்கி, கால் பின்னிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். ஏழெட்டு மணி நேரம் முன்னணியில் போட்டியிட்ட ஆள். கடைசியில் நார்வேயின் சோல்வைக் லவ்செத் ஜெயித்தார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. உடம்பின் சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் மூளையே காலை நிறுத்திவிடும், மன உறுதி அங்கே உதவாது. லங்காவியில் தண்ணீர் மேசைக்கு வருகிற வேகமான ஓட்டக்காரர்கள் குடிப்பதற்கு முன்னால் ஐஸைத்தான் கேட்பார்கள். தொப்பிக்குள் ஒரு கை, சட்டைக் கழுத்துக்குள் ஒரு கை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு துண்டை இறுக்கிப் பிடித்தபடி ஓடுவார்கள். உள்ளங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர் சூடான தாரில் விழுந்த உடனே காய்ந்துவிடும். இந்த ஒன்றில் நம் பிள்ளைகளுக்கு அனுகூலம் இருக்கிறது. ஐரோப்பிய வீரர்கள் சூட்டுக்குப் பழகக் கூடாரத்துக்குள் ஹீட்டர் போட்டும், போர்த்திக்கொண்டும் சைக்கிள் மிதிக்கிறார்கள், பீடோங்கில் வாசலைத் திறந்தாலே போதும்.

எத்தனை வயது வரை செய்யலாம்? மற்ற விளையாட்டுகளில் ஓய்வு பெறுகிற வயதில் இங்கே உச்சம் வரும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் யான் ஃப்ரோடெனோ, நெடுந்தூரத்துக்கு மாறி கோனாவில் 2015, 2016, 2019 என மூன்று முறை ஜெயித்தார், கடைசி முறை 38 வயது. இடையில் 2017இல் முதுகு பிடித்துக்கொண்டு, நடையும் ஓட்டமுமாக முடிவுக்கோட்டைத் தொட்டார், விலகவில்லை. நியூசிலாந்தின் கேமரன் பிரவுன் தன் நாட்டு அயர்ன்மேனை 12 முறை வென்றவர், பன்னிரண்டாவது முறை வயது 43. அமெரிக்காவின் செல்சி சொடாரோ 2022இல் கோனாவில் ஜெயித்தபோது அவர் மகளுக்கு ஒன்றரை வயது. பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் இருக்கிறவர்களும் பெரும்பாலும் வருடத்துக்கு மூன்று நாலு முழுத்தூரப் பந்தயத்துக்கு மேல் போவதில்லை. இன்னொன்று, ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தீபாவளி அன்றும் கதவு தட்டப்படலாம்.

மலேசியாவில் இதைத் தொழிலாக்குவதில் பெரிய தடை எது என்று கேட்டால், நெடுந்தூரம் ஒலிம்பிக்கில் கிடையாது என்பேன். அரசாங்க உதவி பதக்கம் வருகிற போட்டிகளின் பக்கம்தான் போகும், அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. ஆகவே நம் பிள்ளை தானே விளம்பரதாரரைத் தேட வேண்டும், ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டே ஏற வேண்டும்.

கடைசியில் என் மருமகனின் கணக்கு, அன்றைக்கு அக்காவிடம் இதையும் சொன்னேன். நீச்சல் 1 மணி 18 நிமிடம், சைக்கிள் 5 மணி 40, ஓட்டம் 3 மணி 38, உடை மாற்றும் இடங்களில் 12 நிமிடம், மொத்தம் 10:48. தொழில்முறையில் நிற்க இதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைய வேண்டும். சைக்கிளையும் ஓட்டத்தையும் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரலாம், அவன் கால் நல்ல கால். நீச்சல்தான் எனக்குக் கவலை. முன்னணி வீரர்கள் 50 நிமிடத்துக்குள் கரையேறிக் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். 28 நிமிடம் பின்னால் வருகிறவனுக்குச் சாலையில் துரத்த ஆளே கண்ணில் படாது. அதனால் இரண்டு வருடத்துக்கு நீச்சலே முக்கியம், வாரத்துக்கு நாலு முறை குளம், ஒரு நல்ல நீச்சல் ஆசிரியர், அடுத்த லங்காவியில் நீச்சல் 65 நிமிடத்துக்கு வந்தால் மேற்கொண்டு பேசலாம், வராவிட்டால் வயதுப் பிரிவிலேயே இருந்து ஆனந்தமாக ஓடலாம் என்று சொன்னேன்.

அக்கா விரல்விட்டு எண்ணியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மகனைப் பார்த்து, "சுங்கைப் பட்டாணி குளம் காலையில எத்தனை மணிக்குத் திறக்கிறான்?" என்றார். அவன் வேலை செய்கிற தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட், குளம் திறப்பதற்குள் அவன் உள்ளே போயிருப்பான். மதிய ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறான், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து.